சின்ன ஒழுகல்தானே என்றேன்



உங்கள் வீட்டில் ஒழுகும் குழாய் ஏதும் உண்டா? குளியலறையில் ஒன்று, சமையற்கட்டில் ஒன்று என்று எப்படியும் இருக்கும். அடியில் ஒரு வாளியை வைத்து, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள். நானும் அப்படிப்பட்டவன்தான். அதனால் எனக்கு வந்த வினையை உங்களிடம் சொல்லிவிடலாம் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகள் பிட்டர் வேலை பார்த்து, 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றேன். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில் எனக்கென்று ஓர் ஆசையை நிறைவேற்றிக்கொண்டேன். ஒரு பழைய ஜப்பானிய வேன். 1995ஆம் ஆண்டு வண்டி. முன்பு வைத்திருந்தவர் பின்பக்கத்தில் தூள்பலகையால் ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி, சன்னலுக்குத் திரை என்று செய்து, படுத்துறங்கும் வண்டியாக மாற்றி வைத்திருந்தார். கேம்பர் வேன் என்கிறார்களே, அதுதான். எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் காப்பி கலக்கலாம், கால் நீட்டலாம். தங்கும் விடுதிக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

தெலுக் இந்தானிலிருந்து லூமுட் கடற்கரைக்கும், தைப்பிங்குக்கும், பினாங்குத் தைப்பூசத்துக்கும் நானும் என் மனைவியும் அந்த வேனில் போய் வந்தோம். அவளுக்கு முட்டி வலி. முன் இருக்கையில் காலை மடக்கி உட்கார முடியாது. அதனால் எனக்குப் பின்னால் உள்ள நீள இருக்கையில், காலை நீட்டி வைத்துக்கொண்டு வருவாள். அந்த இருக்கைக்கு அடியில்தான் என் கதையின் வில்லன் ஒளிந்திருந்தான்.

குளிர் நாட்டுக்காகச் செய்த வண்டி அல்லவா? முன்னால் ஒரு ஹீட்டர், பின்னால் உட்காருகிறவர்களுக்கு இருக்கைக்கு அடியில் இன்னொரு ஹீட்டர். இதில் மாயம் ஒன்றுமில்லை. இஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர் சூடாகிறது. அதன் பெரும்பகுதி ரேடியேட்டருக்குப் போய் ஆறுகிறது. ஒரு கிளை மட்டும் வண்டிக்குள் வந்து, ஒரு புத்தகம் அளவுள்ள குட்டி ரேடியேட்டர் வழியாகச் சுற்றித் திரும்புகிறது. அதன்மேல் ஒரு விசிறி காற்றை ஊதினால் வெதுவெதுப்பான காற்று வரும். அவ்வளவுதான். எங்கள் வண்டியில் விசிறியைப் போடாவிட்டாலும் வெந்நீர் அந்த வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

2019ஆம் ஆண்டு கடைசியில் ஒரு நாள் அவள் சொன்னாள்: “ஏங்க, இங்க என்னமோ வாடை வருதுங்க. சீனிப்பாகு காய்ச்சற மாதிரி இனிப்பா இருக்கு.”

“பழைய வண்டின்னா வாடை இருக்கத்தான் செய்யும்” என்றேன்.

இன்னொரு நாள்: “காலுக்கடியில கம்பளம் ஈரமா இருக்குங்க.”

“உன் தண்ணிப் போத்தல் சாஞ்சிருக்கும்.”

“போத்தல் மூடிதான் இருக்கு.”

“அப்புறம் பாக்கறேன்.”

வாசகர்களே, எனக்குத் தெரியாமல் இல்லை. ரேடியேட்டரில் வாரம் ஒரு போத்தல் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. நான் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடினேன். ‘சின்ன ஒழுகல்தானே’ என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆலையில் நான் எப்படி இருந்தவன் தெரியுமா? செம்பனைக் குலைகளை அவிக்கும் கலனில் நீராவி மூன்று பார் அழுத்தத்தில் நிற்கும். அந்தக் குழாயில் ஊசிமுனை அளவு கசிவு தெரிந்தாலும் வேலையை நிறுத்தச் சொல்லி மேலாளரோடு மல்லுக்கு நிற்பேன். அவ்வளவு பேசியவன் சொந்த வண்டியில், சொந்த மனைவி சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. என் மனைவி கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய அக்காள் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறார். தாய்க்குப் பின் தாயாக இருந்து இவளை வளர்த்தவர். நாங்கள் இருப்பது பேராக், அவர் இருப்பது பகாங். இடையில் மாநில எல்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் அக்காளும் தங்கையும் கைப்பேசித் திரையில் முகம் பார்த்து அழுததுதான் மிச்சம். 2021 அக்டோபரில் மாநிலம் கடக்க அனுமதி கிடைத்தது. தீபாவளி முடிந்த மறுவாரம், முறுக்கும் அதிரசமும் டின்னில் அடைத்துக்கொண்டு கிளம்பினோம்.

பீடோர் தாண்டி, தாப்பாவில் மலைப்பாதை பிடித்தோம். கேமரன் மலைக்குப் போனவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். வளைவுக்குப் பின் வளைவு. இஞ்சின் மூச்சு வாங்கும். தாப்பாவிலிருந்து இருபது கிலோமீட்டர் ஏறியிருப்போம். லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும் நேரம். பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இருக்கைக்கு அடியில் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் வெடித்து, வெந்நீர் அவளுடைய இடது பாதத்தின்மேல் பீய்ச்சி அடித்துவிட்டது. வண்டிக்குள் ஒரே வெள்ளை ஆவி.

வெறும் கொதிநீர் என்று எண்ணாதீர்கள். ரேடியேட்டர் மூடி, தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் அது நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். வழி கிடைத்ததும் பாயும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வண்டியை ஓரம் கட்டினேன். நல்ல வேளை, அருவியை ஒட்டிக் கடைகள் இருந்தன. ஒரு மலாய்க்கார அம்மா ஓடி வந்து, அவளைத் தாங்கிக் கூட்டிப்போய், கடைக் குழாயைத் திறந்து பாதத்தை அதனடியில் வைத்தார். நின்றிருந்தவர்களில் ஒருவர் பற்பசை தடவச் சொன்னார். இன்னொருவர் எண்ணெய் என்றார். அந்த அம்மா யாரையும் கிட்டே விடவில்லை. இருபது நிமிடம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு மருத்துவமனையில், அதுதான் சரியான முதலுதவி என்றார்கள். வெந்நீர்க் காயத்துக்கு ஓடும் குளிர்ந்த நீர். வேறு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம்.

அன்று மலை ஏறவில்லை. அக்காள் அடுப்பில் கோழிக்குழம்பை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முறுக்கு டின் திறக்கப்படாமலே எங்களோடு தெலுக் இந்தானுக்குத் திரும்பியது. வழியில் அவள் என்னைத் திட்டவில்லை. “அப்பவே சொன்னேன்” என்றும் சொல்லவில்லை. வாடகைக் காரின் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

காயம் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வேன் வாசலில் நின்றது. இழுத்து வந்த லோரிக்குக் கொடுத்த காசு வேறு. மகன் வந்து பார்த்தான். “அப்பா, நம்ம ஊரு சூட்டுக்கு ஹீட்டர் எதுக்கு? அந்த ரெண்டு குழாயையும் ஒண்ணா சேர்த்து மூடிட்டா வேலை முடிஞ்சுது” என்றான். பட்டணத்தில் ரேடியேட்டர் பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவரும் அதையேதான் சொன்னார். அப்படிச் செய்வதும் ஒரு வழிதான், தவறில்லை. நானும் சரி என்று தலையாட்டினேன்.

அன்று இரவு சாப்பிடும்போது, வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்யும் ஒரு காரியத்தைச் செய்தேன். அவளிடம் கேட்டேன். “பின்னால இருக்கிற ஹீட்டரை எடுத்துறலாமா?”

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “மலையில மழை பெய்யறப்போ எனக்கு முட்டி இறுகிக்கும். அந்த வண்டியில போறப்போ காலுக்கு இதமா இருந்திச்சு. சூடு நல்லதுதாங்க. ஒழுகினதுதான் கெட்டது.”

முப்பது வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்த எனக்கு இது தோன்றவில்லை. ஹீட்டரைச் சரிசெய்வதென்று முடிவானது.

அதை எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். உங்களில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் இஞ்சின் முழுக்க ஆறியபின் தண்ணீரை ஒரு பேசினில் இறக்கினேன். குளிர்விப்பான் திரவம் இனிப்பாக இருக்கும். அவள் சொன்ன சீனிப்பாகு வாடை அதுதான். ஆனால் அது நஞ்சு. பூனை, நாய், சின்னப் பிள்ளைகள் நக்கிவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே உடனே மூடி வைக்க வேண்டும். சாக்கடையிலும் ஊற்றக்கூடாது.

இருக்கையைக் கழற்றி ஹீட்டரை வெளியே எடுத்தேன். ஹோஸ் வெடித்த இடம் கண்ணுக்குத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் காய்ந்த கருவாடு மாதிரி முறிந்தது. கிளிப் துருப்பிடித்து அரைகுறையாய்ப் பிடித்திருந்தது. ஆனால் வெடிப்பதற்கு முன்பே இரண்டு வருடமாகக் கசிந்த இடம் வேறு. குட்டி ரேடியேட்டரை வாளித் தண்ணீரில் அமுக்கி, ஒரு துளையை அடைத்து, மறு துளையில் காற்று அடித்தேன். ஓரத்து மூலையில் கடுகு போலக் குமிழிகள் வரிசையாய் வந்தன. அதுதான் அவள் காலடியை நனைத்த ஓட்டை.

பித்தளையாக இருந்ததால் பிழைத்தது. பட்டறைப் பெரியவர் பழைய பற்றைச் சுரண்டி, சுத்தம் செய்து, புதிதாக ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். அலுமினியத்தில் செய்ததாக இருந்தால் பற்றவைக்க முயலாமல் புதியது வாங்குவதே மேல். நம்மவர் சிலர் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவார்கள். கடையிலும் ஒழுகல் அடைக்கும் தூள் கிடைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவலாம். அதையே வைத்தியமாக வைத்துக்கொண்டால், ஹீட்டரின் சன்னமான குழாய்களை அது அடைத்துவிடும்.

ஹோஸ் எல்லாமே புதிது போட்டேன். ஒன்று கெட்டால் அதோடு பிறந்த மற்றவையும் அதே வயதுதானே? கிளிப்புகள் துருப்பிடிக்காத எஃகு. ரேடியேட்டர் மூடியும் புதிது. குழாய்த் தண்ணீருக்குப் பதில், பாதிக்குப் பாதி குளிர்விப்பான் திரவமும் காய்ச்சி வடித்த நீரும். வெறும் தண்ணீர் உள்ளே துருவை வளர்க்கிறது. வாராவாரம் நான் ஊற்றிய போத்தல் தண்ணீரும் அந்த ஓட்டைக்குத் தீனி போட்டிருக்கிறது.

பிறகு இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டர் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்து, உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்வரை நிரப்பினேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று மலையில் சூடு காட்டும் முள் ஏறவே இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டால் அந்த முள்ளுக்குச் சூடு சொல்ல ஆள் இல்லை. முள் சும்மா நிற்கிறது என்று நம்பி ஓட்டினால் இஞ்சின் தலை வளைந்துபோகும். அவள் போட்ட கூச்சலில் நான் உடனே நிறுத்தியதால்தான் இஞ்சினும் தப்பியது.

ஹீட்டர் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வேலை அப்போதுதான் தொடங்குகிறது என்று.

இரண்டு வருட ஈரம் சும்மா இருக்குமா? கம்பளத்துக்குக் கீழே பஞ்சு அழுகியிருந்தது. அதற்கும் கீழே தரைத்தகடு துருவேறி, தீப்பெட்டி அளவில் ஓரிடத்தில் ரோடு தெரிந்தது. தூள்பலகைக் கட்டில் ஈரம் குடித்து, மழையில் நனைந்த பிஸ்கட் மாதிரி ஊதிக் கிடந்தது. எல்லாவற்றையும் பிய்த்து வெளியே போட்டேன். ஓட்டைக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, மற்ற இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் இரண்டு பூச்சு அடித்தேன். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயவிட்டேன். அதன்மேல் ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை. கம்பளத்துக்குப் பதில், துடைத்தால் காயும் பிளாஸ்டிக் விரிப்பு. இனி ஒழுகினால் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

கட்டிலுக்கு இரப்பர் மரப் பலகை வாங்கினேன். பால்மரம்தான். நம் காலத்தில் பால் வற்றிய மரத்தை வெட்டினால் புகைக் கொட்டகைக்கு விறகு, வீட்டு அடுப்புக்கு விறகு. வெட்டியதும் மருந்து ஏற்றாவிட்டால் நீலம் பாய்ந்து, பூச்சி விழுந்து வீணாகிவிடும் மரம் அது. இப்போது உடனுக்குடன் பதப்படுத்தி மேசை, நாற்காலி செய்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

கட்டிலை ஓர் அடி இரண்டு அங்குல உயரத்தில் போடுவதாகக் கணக்குப் போட்டிருந்தேன். தலைக்கு மேல் இடம் தாராளமாக இருக்கும். பலகையை அறுக்க இரம்பத்தை எடுத்தவன், ஏதோ நினைத்து நிறுத்தினேன். “இந்தாம்மா, கொஞ்சம் வந்து உக்காந்து பாரு” என்று கூப்பிட்டேன். சாய டின்னைக் கவிழ்த்து, மேலே பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாள். நான் போட்ட உயரத்தில் கையை ஊன்றியும் அவளால் எழ முடியவில்லை. ஒன்றரை அடியில் ஒரு முனகல்கூட இல்லாமல் எழுந்தாள். ஒன்றரை அடியே நின்றது. எனக்குத் தலை இடித்தால் இடிக்கட்டும்.

மெத்தைக்கு, பாலிலிருந்து செய்யும் நுரை மெத்தை வாங்கினோம். விலை கொஞ்சம் கூடுதல்தான். திரைக்கு அவளுடைய பழைய நூல் சேலைகள் இரண்டைக் கிழித்துத் தைத்தாள். மெத்தை வந்த அன்று கட்டிலில் விரித்ததும் அவள் அதைக் கையால் அழுத்திப் பார்த்தாள். “இது பால்ல செஞ்சதா?” என்றாள். ஆமாம் என்றேன்.

கல்யாணமாகி என்னோடு தோட்டத்துக்கு வந்த 1983ஆம் ஆண்டிலிருந்து, அந்தத் தோட்டம் செம்பனையாக மாறும்வரை, பதினான்கு வருடம் பால்மரம் வெட்டியவள் அவள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவாள். அவள் முட்டியைத் தேய்த்ததும் அந்த மேடும் பள்ளமும்தான். மெத்தையில் மெல்லச் சாய்ந்தாள்.

“எத்தனை வருஷம் வெட்டினேன். ஒரு நாளும் இதுல படுத்ததில்ல” என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரைக்கம்பியைச் சரிபார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம் மறுபடி மலை ஏறினோம். கிளம்புவதற்கு முன் ஒரு வாரம், தினமும் இரவு வேனுக்கு அடியிலும், உள்ளே ஹீட்டருக்கு அடியிலும் பழைய பத்திரிகையை விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். ஏழு நாளும் காகிதம் காய்ந்தே இருந்தது. லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தி, அந்த மலாய்க்கார அம்மாவைத் தேடி, ஒரு டின் முறுக்கு கொடுத்தோம். அவருக்கு எங்களை நினைவிருந்தது. முதலில் அவள் பாதத்தைத்தான் குனிந்து பார்த்தார்.

ரிங்லெட் தாண்டியதும் மழை பிடித்தது. கண்ணாடியில் பனி படர்ந்தது. முன் ஹீட்டரைப் போட்டதும் படலம் விலகி ரோடு தெரிந்தது. “நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?” என்ற மகனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பின் ஹீட்டரையும் போட்டேன். “இப்ப வாடை வருதா?” என்று கேட்டேன்.

“வரல. பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

அக்காள் வாசலில் நின்றிருந்தார். இருவரும் கட்டிக்கொண்டு அழுததை நான் எழுதப் போவதில்லை. அன்றிரவு அக்காளும் தங்கையும் வேனுக்குள் ஏறி, அந்த மெத்தையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசிக்கொண்டே தூங்கிவிட்டார்கள். சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்திருந்தேன். வண்டியில் படுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. குளிருகிறதே என்று இஞ்சினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். கதவை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பும் பற்றவைக்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் நஞ்சுக்கு வாடையே கிடையாது. எச்சரிக்க இனிப்பு வாடைகூட வராது. போர்வைதான் பாதுகாப்பு. இன்னொன்று, வேனின் இருக்கைகளைக் கழற்றி உள்ளமைப்பை மாற்ற நினைப்பவர்கள், சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நான் அக்காள் வீட்டுத் திண்ணையில் படுத்தேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வேனுக்கு அடியில் குனிந்து, விரித்து வைத்த காகிதத்தைப் பார்த்தேன். ஓரத்தில் மலைப்பனி ஈரம். நடுவில் காய்ந்து கிடந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் வேன் இல்லாமல் இருக்கலாம். ஒழுகும் ஏதோ ஒன்று இருக்கும். அதை இந்த வாரமே பாருங்கள். அதைவிட முக்கியமாக, “ஏங்க, இங்க என்னமோ இருக்குங்க” என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாருங்கள். என் மனைவியின் இடது பாதத்தில் வெற்றிலை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. “அது போயிரும்ங்க” என்கிறாள் அவள். ஒவ்வொரு நாளும் அவள் செருப்பு மாட்டும்போது நான் அதைப் பார்க்கிறேன்.